மீன் முறை மாறி நடந்தால்: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

குளமோ சிமென்ட் தொட்டியோ, மீனின் போக்கு மாறியதும் பலருடைய கை முதலில் மருந்துப் பாட்டிலுக்குத்தான் போகிறது. ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் மீனுக்கு அந்த மருந்தே இன்னொரு சுமை. அதற்கு முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த நேரத்தில் நடக்கிறது, எந்த இடத்தில் நடக்கிறது, எந்த அளவு மீன் அப்படி நடந்துகொள்கிறது. கூடவே கடந்த ஒரு வாரத்தில் அந்த நீரில் நம் கை என்னென்ன செய்தது என்று எழுதுங்கள். வலை போட்டதா, புதுத் தண்ணீர் விட்டதா, தீவன மூட்டை மாறியதா, சாணமோ சுண்ணாம்போ இட்டதா, பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா? பத்தில் ஏழெட்டுத் தடவை விடை இந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: வெப்பமானி, நீரில் அம்மோனியா, நைட்ரைட் (மீன் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகள்), பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) ஆகியவற்றைப் பார்க்கும் சோதனைப் பெட்டி, ஒரு டார்ச், வெள்ளை வாளி. ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

அறிகுறி 1: விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன

அடிக்கடி வருவது இதுதான், ஒரே இரவில் குளத்தைக் காலி செய்வதும் இதுதான்.

முதலில் எந்த மீன் என்று பாருங்கள். விரால், சில கெளுத்தி வகைகள், பனையேறிக் கெண்டை ஆகியவை நேரடியாகக் காற்றை விழுங்குகிற இனங்கள். அவை ஒவ்வொன்றாக மேலே வந்து ஒரு மிடறு காற்று வாங்கிக்கொண்டு இறங்குவது இயல்பு. கட்லா, ரோகு, மிர்கால், திலேப்பியா போன்றவை கூட்டமாக மேலேயே நின்று, வாயை நீர் மட்டத்தில் ஒட்டவைத்துக்கொண்டு திறந்து மூடினால்தான் கோளாறு.

அடுத்தது கைதட்டிப் பார்ப்பது. கரையில் நின்று பலமாகத் தட்டுங்கள். சட்டென்று உள்ளே இறங்கி, சில நிமிடம் கழித்துத் திரும்ப வந்தால் நிலைமை கைமீறவில்லை. தட்டியும் அசையாமல், கையால் தொட்டாலும் ஓடாமல் நின்றால் மணிக்கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான். முதலில் பெரிய மீன்கள் சாகும். இறால் இருந்தால் கரையோரம் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

உடனே செய்ய வேண்டியது:

1. ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் பம்ப்பின் உறிஞ்சுகுழாயை மேல்மட்டத் தண்ணீரில் வைத்து, வெளிவரும் நீரை உயரத் தூக்கிச் சிதறடித்துக் குளத்துக்குள்ளேயே விழவிடுங்கள். உறிஞ்சுகுழாய் அடிச்சேற்றில் கிடந்தால் கெட்ட நீரைக் கிளறி மேலே கொண்டுவந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.
2. குளம் முழுவதையும் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு மூலையில் நல்ல தண்ணீர் இருந்தால் போதும், மீன் அங்கே வந்து சேர்ந்துவிடும். அந்த மூலையை வெயில் ஏறும்வரை காப்பாற்றுங்கள்.
3. அன்று தீவனம் இல்லை. சாணம், உரம், சுண்ணாம்பு எதுவும் இல்லை.
4. வலை போடாதீர்கள். "சாகிறதுக்கு முன்னாடி பிடிச்சிடலாம்" என்று இறங்கினால் சேறு கலங்கி, மிச்சமும் சாகும்.
5. ஆழ்துளைக் கிணற்று நீரை நேரே விடாதீர்கள். தரைக்கடியிலிருந்து வரும் நீரில் ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. துளையிட்ட தட்டின் மேலோ கற்குவியலின் மேலோ விழவைத்து விடுங்கள்.

ஆபத்து தணிந்த பிறகு காரணம் தேடுங்கள், செலவில்லாததிலிருந்து தொடங்கி.

*தீவனமும் நேரமும்.* இரை எடுத்த சில மணி நேரத்துக்கு மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். பொழுது சாயும் நேரத்தில் வயிறு நிறையப் போட்டால் அந்தத் தேவை நேராக இரவுக்குள் போய் விழுகிறது. கடைசி வேளையை மாலை 4 மணிக்கு முன் முடியுங்கள். 15, 20 நிமிடத்தில் தின்று முடிக்காத அளவு கூடுதல் அளவுதான்.

*பச்சை மிகுந்த நீர்.* கையை நீட்டி நீரில் விடுங்கள். முழங்கை நனையும் ஆழத்தில் உள்ளங்கை மறைந்தால் சரி, 30 முதல் 45 செ.மீ. தெளிவு. மணிக்கட்டு தாண்டியதுமே மறைந்தால் பாசி அளவுக்கு மிஞ்சிவிட்டது. பகலில் ஆக்சிஜனை வாரி வழங்கும் அதே பாசி இரவில் மீனோடு போட்டி போட்டு மூச்சு விடுகிறது. உரத்தை நிறுத்தி, மேல்நீரைக் கொஞ்சம் வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவது அடுத்த விபத்துக்கு நாள் குறிப்பது. செத்த பாசி அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். காரத்தன்மை குறைந்த நீரில் மயில்துத்தமே மீனுக்கு நஞ்சு.

*மூடிய வானம், திடீர் மழை.* இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் பகல் சேமிப்பே குறைவு. நீண்ட வெயிலுக்குப் பின் குளிர்ந்த மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் மேல்நீர் கீழே போய் அடிநீர் மேலே வரும். ஆக்சிஜன் இல்லாத, நாற்றமடிக்கும் நீர் அது. அப்படிப்பட்ட மாலையில் ஏரேட்டரைத் தயாராக வையுங்கள்.

*இருப்பு அதிகம்.* மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் வாரத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் மீனைக் குறைப்பது அல்லது நிரந்தர ஏரேட்டர். வேறு குறுக்குவழி கிடையாது.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. இருட்டியதும் ஒரு தடவை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை அளவெடுங்கள். இரவு 7 மணிக்கு லிட்டருக்கு 8 மி.கி., 10 மணிக்கு 6.5 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு அரை மி.கி. வீதம் இறங்குகிறது. காலை 6 மணிக்கு 2.5-இல் வந்து நிற்கும். கெண்டை இனங்களுக்கு 5-க்கு மேல் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் திணறல். ஆகவே நள்ளிரவிலேயே ஏரேட்டரைப் போடுங்கள். நிபுணர் யாரும் வேண்டாம், ஒரு பேனா போதும்.

எப்போது ஆள் கூப்பிட வேண்டும்: நீர் பச்சையிலிருந்து ஒரே நாளில் பழுப்பாகவோ சாம்பலாகவோ மாறினாலும், நீலப்பச்சை வண்ணம் கொட்டியதுபோல் மேலே ஏடு படிந்தாலும் மீன்வளத் துறை ஆளிடம் நீரைக் காட்டுங்கள். அந்த ஏடு படிந்த நீரைக் கால்நடை குடிக்க விடாதீர்கள்.

அறிகுறி 2: பட்டப்பகலிலும் வாய் பிளக்கின்றன

பகல் 2 மணிக்கு நீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். அப்போதும் திணறினால், இருக்கிற ஆக்சிஜனை மீனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று பொருள். ஒரு மீனைப் பிடித்துச் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

செவுள் *காப்பிக்கொட்டை நிறத்தில்* இருந்தால் நைட்ரைட். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்துவிட்டது. இதற்கு உள்ளதிலேயே மலிவான மருந்து கல்லுப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். நைட்ரைட் அளவைப்போல் பத்து மடங்கு குளோரைடு இருக்க வேண்டும், உப்பில் குளோரைடு 60 விழுக்காடு. நைட்ரைட் லிட்டருக்கு 2 மி.கி. என்றால் 1,000 லிட்டருக்கு 33 கிராம் உப்பு. 1,000 சதுர மீட்டர் பரப்பும் 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ. சோதனைப் பெட்டி "நைட்ரைட் நைட்ரஜன்" என்று அளவு காட்டினால் அதை 3.3-ஆல் பெருக்கிக்கொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். பெருக்க மறந்துவிட்டு, உப்பு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு.

செவுள் *வீங்கி, சளி மூடியிருந்தால்* அம்மோனியாவைப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சோதனைப் பெட்டி காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சாகும் பங்கை முடிவு செய்வது பி.எச். 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நஞ்சுப் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச். 8-இல் ஏழரை. 9-இல் நூற்றுக்கு 44-க்கும் மேல். காலையில் "2 மி.கி.தான், பரவாயில்லை" என்று விட்ட அதே நீர், பாசி பி.எச்.-ஐ ஏற்றிவிடும் பிற்பகலில் மீனைச் சுடுகிறது. எனவே அம்மோனியாவைப் பிற்பகல் 3 மணி வாக்கில், பி.எச்.-உடன் சேர்த்துப் பாருங்கள். நஞ்சுப் பங்கு லிட்டருக்கு 0.05 மி.கி. தாண்டினால் செவுள் பழுதாகத் தொடங்கும். தீவனத்தை நிறுத்துங்கள், நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுங்கள். நீற்றாத சுண்ணாம்பை அந்த வாரம் தொடாதீர்கள், பி.எச்.-ஐ ஏற்றி நிலைமையை மோசமாக்கும்.

செவுளில் *துருநிறப் படிவு* தெரிந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரின் இரும்பு. நீரை ஒரு தொட்டியில் காற்றுப்படத் தேக்கி, இரும்பு படிந்த பிறகு மேல்நீரை மட்டும் விடுங்கள். துடுப்பிலும் கண்ணோரத்திலும் *சின்னக் காற்றுக் குமிழ்கள்* தெரிந்தால் பம்ப்பின் உறிஞ்சுபக்க இணைப்பில் காற்று கசிகிறது. அழுத்தத்தில் காற்று நீரில் கரைந்து, பிறகு மீனின் உடலுக்குள் குமிழாகிறது. கசிவை அடைத்து, நீரை உயரத்திலிருந்து சிதறவிட்டால் தீர்ந்தது.

செவுள் வெளுத்தோ அழுகித் தின்றதுபோலோ இருந்தால் ஊகம் வேண்டாம். உயிருள்ள மீனோடு மீன் நோய் ஆய்வகத்துக்குப் போங்கள்.

அறிகுறி 3: இரைக்கு வரவில்லை

ஒரு வேளை வரவில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்தால்: வெப்பமானியைப் பாருங்கள், முந்தின வாரத்தைவிட 3, 4 பாகை இறங்கியிருந்தால் காரணம் அதுவே. தீவனத்தை முகருங்கள். சிக்கு வாடை, பூஞ்சை இருந்தால் மூட்டையைக் கழித்துவிடுங்கள். முந்தின நாள் வலை போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். இவை எதுவும் இல்லை என்றால் அறிகுறி 1, 2-இன் தொடக்க நிலை என்று எடுத்துக்கொண்டு நீரைச் சோதியுங்கள். வாய் பிளப்பதற்கு இரண்டு நாள் முன்பே இரை குறையும்.

அறிகுறி 4: உடம்பை உரசுகின்றன, வயிறு பளிச்சிடப் புரள்கின்றன

புதுத் தண்ணீர் விட்ட சில நிமிடத்தில் எல்லா மீனும் ஒன்றாகத் தொடங்கினால் அது ஒட்டுண்ணி இல்லை, நீர்தான். குழாய் நீர் என்றால் குளோரின். 1,000 லிட்டரில் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் அதை முறிக்க சோடியம் தயோசல்பேட் 7.5 கிராம் வேண்டும், 10 கிராம் போட்டால் கவலையில்லை. காற்றடித்து ஒரு நாள் தேக்கினாலும் குளோரின் போய்விடும். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீரில் இந்தத் தேக்கும் வித்தை பலிக்காது. தயோசல்பேட் போட்டாலும் அம்மோனியா மிஞ்சும், அதையும் சோதியுங்கள்.

ஒன்றிரண்டில் தொடங்கி, நாலைந்து நாளில் பரவினால் ஒட்டுண்ணி. ஒரு மீனை வெள்ளை வாளியில் விட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். துடுப்படியில் கண்ணாடிச் செதில்போல ஒட்டியிருக்கும் அரை முதல் ஒரு செ.மீ. வட்டம் திடீரென்று நகர்ந்தால் அது மீன் பேன். சிமென்ட் ஓரத்திலும் குச்சியிலும் வரிசையாக முட்டையிடும் பழக்கத்தை வைத்தே அதைப் பிடிக்கலாம். மரப்பலகைகளைக் குளத்தில் செங்குத்தாக நட்டு, சில நாளுக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் முறுகக் காயவைத்துத் திரும்ப நடுங்கள். மெதுவான வேலைதான், ஆனால் நீரில் நஞ்சு கலக்காத வேலை.

ரவை தூவியதுபோல் வெண்புள்ளி என்றால் மருந்து ஒரு தடவையோடு முடியாது. தோலுக்குள் இருக்கும் நிலையில் அந்த ஒட்டுண்ணியை எதுவும் தொடாது, நீரில் நீந்தும் குஞ்சு நிலையில்தான் சாகும். அதனால் அடுத்தடுத்த நாட்களில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் தோல் மங்கிச் சளி கூடியிருக்கிறது என்றால் உப்புக் குளியல்: லிட்டருக்கு 20 முதல் 30 கிராம். பிளாஸ்டிக் தொட்டியில் மட்டும், துத்தநாகம் பூசிய வாளியில் வேண்டாம். மீன் ஒருபக்கம் சாயத் தொடங்கிய நொடியே எடுத்து நல்ல நீரில் விடுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், மீனைப் பாருங்கள். முதலில் இரண்டு மீனில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்குச் செய்யுங்கள். இரண்டாவது குளியலுக்குப் பிறகும் உரசினால் சளியை நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்தவரிடம் போக வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

அறிகுறி 5: ஒரு மூலையில் ஒடுங்குகின்றன, காரணமில்லாமல் சிதறி எகிறுகின்றன

எந்த மூலை என்பதைவிட எதற்கு எதிர் மூலை என்று பாருங்கள். பெரும்பாலும் எதிரே ஒரு மோட்டார் இருக்கும். கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காற்றுப்பையும் உட்காதும் சிறு எலும்புகளால் இணைந்திருப்பதால் கேள்விப்புலன் கூர்மை. பம்ப் நேரடியாகத் தொட்டிச் சுவரில் பொருத்தப்பட்டிருந்தால் சுவர் முழுவதும் முரசாகிவிடும். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் பம்ப்பைத் தனி மேடைக்கு மாற்றி, அடியில் ரப்பர் அட்டை வைத்து, குழாயில் ஒரு முழம் நெகிழ்குழாய் சேருங்கள்.

விளக்கு: இருட்டில் பளீரென்று போடும் விளக்கில் மீன் சுவரில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். அறையின் சின்ன விளக்கை முதலில் போட்டு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். இரவு முழுவதும் எரியவும் விடாதீர்கள்.

பறவை, நீர்ப்பாம்பு, நீர்நாய்: செதிலில் நீளக் கீறல், விடியலில் குறையும் எண்ணிக்கை. மேலே வலை கட்டுங்கள்.

கடைசியாக மின்கசிவு. குறிப்பிட்ட மோட்டாரோ விளக்கோ போட்ட அதே நொடியில் எல்லா மீனும் துள்ளி, அணைத்ததும் அடங்கினால் நீரில் கை வைக்காதீர்கள். மீட்டர் பெட்டியில் முதன்மை இணைப்பை அணைத்துவிட்டு மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். இதில் நீங்களே பார்க்கும் கட்டம் என்று ஒன்று இல்லை. கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சாதனம் இல்லாமல் அந்த இணைப்பைத் திரும்பப் போடவும் கூடாது.

அறிகுறி 6: நீர் நுழையும் வாயில் மொய்க்கின்றன, எதிரேறுகின்றன

இதற்கு முற்றிலும் வேறான இரண்டு அர்த்தங்கள். வெயில் காலத்தில், விடியலில், மந்தமாக வாயில் நின்றால் அது அறிகுறி 1. நல்ல நீரைத் தேடி வந்திருக்கிறது. மழை தொடங்கிய பிறகு, கலங்கிய புதுநீரில், சுறுசுறுப்பாகத் தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து முட்டினால் அது வலசை உந்துதல். வயிற்றை மெதுவாக வருடினால் ஆணிடமிருந்து வெண்சாறு (விந்து) வரும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடாது. ஆற்று வெள்ளத்தில் எதிரேறிப் போய் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் இடுபவை. உங்கள் வாய்க்கால் நீர் அவற்றுக்கு அந்த ஆற்றைப்போலத் தெரிகிறது. இது நோயில்லை, மருந்தும் இல்லை. தப்பிப்போகாமல் பார்ப்பதுதான் வேலை.

தடுப்பு வலையின் கண், உள்ளே இருக்கும் மிகச் சிறிய மீனின் தலை அகலத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். வலைப்பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். சின்ன வலையில் இலைதழை அடைத்ததும் நீர் மேலேறி வழியும், மீனும் அதோடு போகும். மழை இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த இலைதழையை வாரி எடுங்கள். விரால், காற்று விழுங்கும் கெளுத்தி, பனையேறி இருந்தால் நீர் நுழையும் வாயை மட்டும் அடைத்துப் பயனில்லை, ஈரத் தரையிலேயே நகர்ந்துவிடும். கரையைச் சுற்றி வலையை நட்டு, அடியை மண்ணில் புதையுங்கள்.

*கலங்கல் (ஏரியின் மிகுநீர் வழியும் இடம்), தடுப்பணைக்குக் கீழே காட்டு மீன் குவிந்து முட்டினால்* கோளாறு மீனில் இல்லை, கட்டுமானத்தில். மீன்படி (மீன் அணையைத் தாண்டி மேலேறக் கட்டும் படிவரிசை, மீன் ஏணி) கட்டியும் ஏறாவிட்டால் மூன்றைச் சரிபாருங்கள்.

முதலாவது, வாசல் எங்கே. மீன் போகமுடிந்த கடைசி இடம்வரை, சுவரின் அடிவரை போய் முட்டும். மீன்படியின் கீழ்வாசல் இருபது மீட்டர் கீழே தள்ளி இருந்தால் அதைக் கடந்துபோய்விடும், திரும்பி வந்து தேடாது. வாசலில் விழும் நீரின் இழுப்பும் பக்கத்து வழிவு நீரின் இரைச்சலில் அமுங்கிப்போகக் கூடாது.

இரண்டாவது, படியின் உயரம். 30 செ.மீ. படியில் விழும் நீர் நொடிக்கு 2.4 மீட்டர் வேகம் எடுக்கும். 20 செ.மீ. என்றால் 2 மீட்டர், 5 செ.மீ. என்றால் 1 மீட்டர். மீன் முழுமூச்சில் சில நொடி மட்டும் பாயும் வேகம், நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்கு என்பது ஒரு கைக்கணக்கு. ஆக 10 செ.மீ. கெண்டைக்கு 5 செ.மீ. படியே எல்லை. பெரிய மீனை மனதில் வைத்துக் கட்டிய படியில் சின்ன மீன் ஏறாதது இதனால்தான். தாய்லாந்தின் பாக் முன் அணையில் கட்டிய மீன் ஏணி வலசை மீன்களை மேலே ஏற்றவில்லை என்று உலக அணைகள் ஆணையத்தின் ஆய்வு 2000-இல் பதிவு செய்தது. ஏணி இருப்பதும் மீன் ஏறுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, இடையில் மூச்சுவாங்க அமைதியான குழி இருக்கிறதா, அதில் மண் தூர்ந்திருக்கிறதா, மரக்கிளை அடைத்திருக்கிறதா. மழைக்கு முன் தூர்வாருவதே பாதிப் பழுதைத் தீர்க்கும். பக்கத்தில் இரவு விளக்கு இருந்தால் திருப்பிவிடுங்கள். கடலுக்கு இறங்கும் விலாங்கு வெளிச்சத்தைக் கண்டால் தயங்கி நின்றுவிடும். மதகை மூடும்போது கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஒரேயடியாக மூடினால் கீழே பள்ளங்களில் மீன் சிக்கி, வெயிலில் வெந்து சாகும்.

இவ்வளவு செய்தும் ஏறவில்லை என்றால் சரிவு மாற்ற வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் அல்லது அதைவிடச் சாய்வு குறைந்த கற்சரிவு சின்ன மீனுக்கும் தோதானது. அது கட்டுமான வேலை. நீர்ப்பாசனப் பொறியாளரும் அனுமதியும் இல்லாமல் அணையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாதீர்கள்.

அறிகுறி 7: வலை போட்டு, அல்லது இடம் மாற்றி இரண்டு மூன்று நாள் கழித்துச் செத்து மிதக்கின்றன

விட்ட அன்று நன்றாக நீந்தியது, மூன்றாம் நாள் சாகிறது. குஞ்சு விற்றவரோடு சண்டை இங்கேதான் தொடங்கும். பெரும்பாலும் காரணம் கையாண்ட விதம். உடம்பு மேல் சளி உரிந்த இடத்தில் பஞ்சுபோல் பூஞ்சை, அல்லது முதுகில் சேணம் வைத்ததுபோல் மங்கிய பட்டை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அங்கே வலையோ கையோ பட்டிருக்கிறது.

அடுத்த தடவைக்குத் திருத்த வேண்டியவை: 24 மணி நேரம் பட்டினி போட்ட பிறகே பிடியுங்கள். விடியலில் குளிர்ச்சி இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. வெயில் கொஞ்சம் ஏறியபின் தொடங்கி, சூடேறுமுன் முடியுங்கள். முடிச்சில்லா வலை, நனைந்த கை. வலைக்குள் நெருக்கி வைக்கும் நேரம் கால் மணியைத் தாண்ட வேண்டாம், அதற்குள்ளும் மேலே நீரைத் தெளித்துக்கொண்டே இருங்கள். குஞ்சுகளை ஹாப்பாவில் (நீருக்குள் கட்டும் வலைத்தொட்டி) சில மணி நேரம் நெருக்கத்துக்குப் பழக்கிவிட்டுப் பையில் போடுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். லிட்டருக்கு 3 கிராம் உப்பு சேர்த்தால் மீனின் உடல் சுமை குறையும்.

வந்திறங்கியதும் செய்யும் தவறு வேறு வகை. பையைத் திறந்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகக் குளத்து நீர் விட்டுப் பழக்குவது கேட்க நல்லதாக இருக்கும். நீண்ட பயணத்தில் பை நீரில் கரியமிலவாயு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் சேர்ந்த அம்மோனியா நஞ்சாகாமல் கிடந்திருக்கும். திறந்ததும் வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியா நஞ்சாகும். ஆகவே மூடிய பையை 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தை மட்டும் சமன் செய்யுங்கள். பிறகு பையைத் திறந்தவுடனேயே மீனை விடுங்கள், பை நீரைக் கொட்டாதீர்கள்.

இப்போது சாகிறவற்றுக்கு: தொட்டியில் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் உப்பு, நல்ல காற்று, இரை பாதி, யாரும் தொடாத அமைதி. மூன்று நாளில் சாவு குறையாமல் ஏறினால் ஆய்வகம். ஆய்வக முடிவு வருமுன் ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் போடாதீர்கள். இரையே எடுக்காத மீனுக்கு அது போய்ச் சேரவும் சேராது.

அறிகுறி 8: சுழன்று, உடல் வளைந்து, எல்லா அளவு மீனும் சாகின்றன

இதில் மலிவு காரணத்திலிருந்து தொடங்க வேண்டாம். நாளின் எந்த நேரமானாலும், சின்ன மீனே முதலில் விழுந்து, நீர்ப்பூச்சி, இறால், தவளையும் சேர்ந்து செத்துக் கிடந்தால் நஞ்சு. மழைக்குப் பின் என்றால் வயலில் அடித்த பூச்சிக்கொல்லி வடிந்து வந்திருக்கும். பைரித்ராய்டு வகை மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும்.

நீர் வரும் வாயை அடையுங்கள். அதே வாய்க்காலிலிருந்து இன்னும் நீர் விட்டுக் கரைக்கப் பார்க்காதீர்கள். வேறு மூலத்து நல்ல நீர் இருந்தால் மட்டும் விடுங்கள். உயிருள்ள மீனை வேறு தொட்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். செத்ததைத் தின்னவோ விற்கவோ கூடாது, நாய் பூனை எட்டாத ஆழத்தில், நீர்நிலைக்கு அப்பால் புதையுங்கள்.

மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் உடனே சொல்லிவிட்டு, அவர்கள் வருமுன் மாதிரி எடுங்கள். காத்திருந்தால் ஆதாரம் நீரோடு போய்விடும். சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் நீர், காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, மூடிக்குக் கீழே அலுமினியத் தாள் வைத்து, இருட்டில் பனிக்கட்டிக்குள். வாய்க்கால் நுழையும் இடத்தில் ஒன்று, குளத்தின் நடுவில் ஒன்று, வெளியேறும் இடத்தில் ஒன்று. சாகும் தறுவாயில் உள்ள மீன் நாலைந்து, பனிக்கட்டி மேல், உறையவிடாமல். இன்னும் நாலைந்தை அலுமினியத் தாளில் சுற்றி உறையவைத்து. செத்து ஊதிய மீனை அனுப்பிப் பயனில்லை. ஒவ்வொரு புட்டியிலும் இடமும் மணியும் எழுதி, அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.